பைக் சார்ஜிங் போர்ட் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்போம்

பைக்கில் மாட்டிய யூஎஸ்பி போர்ட் சரியாக வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் உடனே செய்வது, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது. புதியதும் கொஞ்ச நாளில் அதே வேலையைக் காட்டும். போர்ட் என்பது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சின்ன சர்க்யூட், அவ்வளவுதான். அது கெடுவதும் உண்டு. ஆனால் அதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவை அதற்குப் போகும் இரண்டு ஒயர்கள்: பிளஸ் எங்கிருந்து எடுத்திருக்கிறது, எர்த் (அதாவது மைனஸ்) எங்கே கொடுத்திருக்கிறது. கீழே வரும் அறிகுறிகளில் பலவும் கடைசியில் இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கும்.

சரியான இணைப்பு எப்படி இருக்கும்?

பிழை தேடுமுன் சரியானது எது என்று தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 30 என்ற பின்னுக்கு. 87 என்ற பின்னிலிருந்து போர்ட்டின் சிவப்பு ஒயருக்கு. ரிலேயின் 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயர் ஒன்று, 85க்கு எர்த். போர்ட்டின் கறுப்பு ஒயர் நேராகப் பேட்டரியின் மைனஸுக்கு. ஒயரின் தடிமன் 0.75 சதுர மில்லிமீட்டர் இருந்தால் தாராளம்.

ஒரே ஒரு போர்ட்டுக்கு ரிலே எதற்கு என்று கேட்கலாம். கணக்குப்படி பார்த்தால் தேவையில்லைதான். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். சர்க்யூட்டில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 1 ஆம்பியர் எடுக்கும். 18 வாட் வேகச் சார்ஜ் என்றாலும் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். பின்விளக்கின் ஒயரிலிருந்தே இதை எடுக்கலாம், பலர் எடுக்கிறார்கள். ஆனாலும் ரிலே போடுவதே நல்லது என்பேன். சாவி சுவிட்ச் பழசாகி உள்ளே கறுத்துப்போன பைக்கில் அந்த வழியாக வரும் கரண்ட் ஏற்கெனவே நொண்டும். தவிர, போர்ட்டில் ஏதாவது ஷார்ட் ஆனால் அதன் ஃபியூஸ் மட்டும் போகட்டும்; பின்விளக்கும் சேர்ந்து அணைந்து இரவில் நடுரோட்டில் நிற்க வேண்டாம்.

எங்கிருந்து எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஏபிஎஸ், சென்சார்களுக்குப் போகும் ஒயர்களில் கை வைக்காதீர்கள். ஹெட்லைட் ஒயரும் பல சின்ன பைக்குகளில் ஆகாது. காரணம் கீழே வருகிறது.

தேவையான கருவிகள்

ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், வேறெங்காவது ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள். இவை போதும். ஒயர்களை அவிழ்ப்பதானால் பேட்டரியில் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மைனஸை மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கைவிடாதீர்கள்: வோல்ட் பார்க்கும்போது போனை மாட்டி, சார்ஜ் ஏறும் நிலையிலேயே பாருங்கள். மீட்டர் தனக்கென்று எடுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12.6 என்று அழகாகக் காட்டிவிடும். போன் இழுக்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியும். டெஸ்ட் லாம்ப் பயன்படுவதும் இதனால்தான். பல்பு எரிய நிஜமாகவே கரண்ட் வேண்டும்.

போர்ட்டில் எந்த அசைவும் இல்லை

சாவியைப் போட்டும் போர்ட்டின் எல்இடி எரியவில்லை, போனும் கண்டுகொள்ளவில்லை. முதலில் ஃபியூஸை எடுத்துக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் மீட்டரில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸில் முனையோரம் விட்டுப்போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பேட்டரி மைனஸில் மாட்டி, ஊசியைப் போர்ட்டின் சிவப்பு ஒயரில் வையுங்கள். எரிந்தால் பிளஸ் வருகிறது. இப்போது கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸுக்கு மாற்றி, ஊசியைக் கறுப்பு ஒயரில் வையுங்கள். எரிந்தால் எர்த்தும் சரி. இரண்டும் சரியாக இருந்து, சிவப்பும் கறுப்பும் இடம் மாறாமலும் இருந்தால் மட்டுமே போர்ட் போய்விட்டது என்று சொல்லலாம்.

பிளஸ் வரவில்லை என்றால் ரிலேயில் காதை வையுங்கள். சாவி போட்டதும் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் 86, 85 பக்கம் கோளாறு. கேட்டும் கரண்ட் வரவில்லை என்றால் 30, 87 பக்கம்.

விசித்திரமான நேரங்களில் மட்டும் வேலை செய்கிறது

இதில் அறிகுறியே விடையைச் சொல்லிவிடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் சார்ஜ் ஏறினால், பின்விளக்கின் ஒயருக்குப் பதில் பிரேக் லைட்டின் ஒயரைப் பிடித்திருக்கிறீர்கள். இண்டிகேட்டரோடு சேர்ந்து போர்ட்டும் கண் சிமிட்டினால், ஃப்ளாஷரை (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பாகம்) தாண்டிய ஒயரிலிருந்து எடுத்திருக்கிறது. அல்லது இரண்டும் ஒரே மோசமான எர்த்தைப் பங்கு போடுகின்றன.

ஹார்ன் அடித்தால் மட்டும் வேலை செய்யும் போர்ட்டும் உண்டு. பல பைக்குகளில் ஹார்ன் பட்டன் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். சாவி போட்டதும் ஹார்னின் ஒரு முனையில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும், மறுமுனை பட்டனை அழுத்தினால்தான் எர்த் ஆகும். போர்ட்டின் இரண்டு ஒயரையும் ஹார்னின் இரண்டு முனையிலும் கொடுத்துவிட்டால், ஊரைக் கூட்டினால்தான் சார்ஜ் ஏறும். பிளஸ்ஸை மட்டும் அங்கே எடுத்துக்கொண்டு, எர்த்தைப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள்.

எஞ்சின் ஓடினால் மட்டும் சார்ஜ் ஏறுகிறது, ஐடிலிங்கில் விட்டு விட்டு வருகிறது, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் நிற்கிறது என்றால் ஹெட்லைட் ஒயரைச் சந்தேகப்படுங்கள். சில சின்ன பைக்குகளில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரி கிடையாது. எஞ்சினில் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து ஏசி கரண்ட் நேராகப் போகும். எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். டிசிக்காகச் செய்த போர்ட் அதில் நீண்ட நாள் பிழைக்காது. மீட்டரெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டாம், சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்: சாவி போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்லைட் எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் அந்த ஒயர் நமக்கு வேண்டாம்.

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ஒரு நொடி சார்ஜ் அறுந்து திரும்ப வருவது பிழையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரி 10 வோல்ட்டுக்கு அருகே இறங்கும். சில பைக்குகளில் அந்த நேரத்துக்கு மற்ற சர்க்யூட்டுகளை வேண்டுமென்றே நிறுத்தியும் வைப்பார்கள். ஆனால் பேட்டரி 9க்கும் கீழே போனால் அது போர்ட்டைப் பற்றிய செய்தியில்லை, பேட்டரியைப் பற்றியது.

எல்இடி எரிகிறது, போன் ஏறவில்லை

12 வோல்ட் வந்துவிட்டது, எனவே பைக் பக்கம் அநேகமாகச் சரி. கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு போனின் சார்ஜிங் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து உள்ளே கட்டியாகி, பிளக் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். போனை அணைத்துவிட்டு, உலோகமில்லாத மெல்லிய குச்சியால் கிளறி எடுத்தால் போதும்.

சில மலிவு டைப்-சி போர்ட்டுகளில் இன்னொரு வினோதம் உண்டு. டைப்-சியில் இரண்டு பக்கமும் யார் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று ஒரு தனிப் பின்னின் வழியாகப் பேசி முடித்த பிறகே கரண்ட் வரும். அதற்கு வேண்டிய மின்தடை உள்ளே இல்லாவிட்டாலோ, தவறாக இருந்தாலோ, எல்இடி எரிந்துகொண்டே இருக்கும், போன் சும்மா இருக்கும். பக்கத்திலேயே அகலமான பழைய வகைத் துளை இருந்து அதில் மாட்டினால் ஏறுகிறது என்றால், பிழை போர்ட்டுக்குள். இதை நாம் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஏறுகிறது, ஆனால் மேப் போட்டால் சதவீதம் குறைகிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. அவசரப்பட்டு 'பைக் பேட்டரி சின்னது, அதனால்தான்' என்று முடிவுகட்டுவதும் இதில்தான். பைக் பேட்டரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எஞ்சின் ஓடும்போது போனுக்கு வேண்டிய 10, 15 வாட் பெரிய சுமையில்லை. பிழை வேறு எங்கோ இருக்கிறது.

முதல் சந்தேகம் 5 வோல்ட் கேபிள். 12 வோல்ட் பக்கம் அரை வோல்ட் குறைந்தால் போர்ட்டுக்குக் கவலையில்லை, 11.5 வந்தாலும் 12 வந்தாலும் அதே 5ஐத்தான் தரும். ஆனால் போர்ட்டுக்கும் போனுக்கும் நடுவில் அரை வோல்ட் போனால் 5இல் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. உள்ளே முடி போன்ற ஒயர் கொண்ட ஒன்றரை மீட்டர் கேபிள், வெறும் 1 ஆம்பியருக்கே அரை வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். வோல்ட் தொய்வதைப் பார்த்ததும் போன் தானாகவே வாங்கும் கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நீளம் தேவைப்பட்டால் அதை 12 வோல்ட் பக்கம் கொடுங்கள். போர்ட்டை ஹேண்டில் பாரில் போனுக்கு அருகே வைத்து, கேபிளை அரை மீட்டருக்குள் முடியுங்கள். சீட்டுக்கு அடியில் போர்ட்டை வைத்துவிட்டு டாங்குக்கு மேலே கேபிளை இழுத்துவருவது மழைக்கு நல்லதுதான், சார்ஜுக்குக் கெடுதல்.

இரண்டாவது, போர்ட் தன்னைச் சார்ஜர் என்று போனிடம் சொல்லத் தவறுவது. பழைய வகைத் துளையில் நான்கு பின்கள். நடுவில் உள்ள இரண்டும் டேட்டாவுக்கு. சார்ஜராக இருந்தால் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் போன் 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளும். அப்படி எதுவும் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் மாட்டியதாக நினைத்து 0.5 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். அதாவது இரண்டரை வாட். வெயிலில் முழு வெளிச்சத்தில் திரை, கூடவே ஜிபிஎஸ், நெட் எல்லாம் ஓடினால் அது போதாது. பெட்டியின் மேல் 3.1 ஆம்பியர் என்று போட்டிருப்பதை நம்பிப் பயனில்லை; இரண்டு துளைக்கும் சேர்த்த கணக்காகவும் அது இருக்கும். நடுவில் மாட்டும் சின்ன யூஎஸ்பி மீட்டர் கிடைத்தால் உண்மை தெரிந்துவிடும்: 0.4, 0.5 என்றே நின்றால் பேச்சுவார்த்தையில் பிழை, 1.5இல் தொடங்கி வோல்ட்டோடு சேர்ந்து இறங்கினால் கேபிளில் பிழை.

மூன்றாவது, வெப்பம். போனின் லித்தியம் பேட்டரி சுமார் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் வாங்குவதைப் போனே மட்டுப்படுத்தும் அல்லது நிறுத்திவிடும். உச்சிவெயிலில், கறுப்பு உறைக்குள், மேப் ஓடும் போன் அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் எட்டும். ஒயர் இல்லாமல் சார்ஜ் செய்யும் ஹோல்டர் என்றால் அதன் சூடும் சேரும். காலையில் நன்றாக ஏறி, மதியம் மட்டும் ஏறாத போர்ட்டுக்கு வைத்தியம் போர்ட்டில் இல்லை. உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், காற்றுப் படும்படி வையுங்கள்.

மேடு பள்ளத்தில் அறுந்து அறுந்து வருகிறது

சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், போனை மாட்டிவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அறுந்தால், ஸ்டியரிங் கழுத்துப் பகுதியில் ஒயர் இழுபடுகிறது அல்லது உள்ளே ஒடிந்திருக்கிறது. ஒயருக்கு அங்கே கொஞ்சம் தொய்வு கொடுத்து, பைக்கின் சொந்த ஒயர்க்கட்டு போகும் பாதையிலேயே கொண்டுபோக வேண்டும்.

திருப்பும்போது ஒன்றும் ஆகவில்லை, ஓட்டும்போதுதான் அறுகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். ஹேண்டில் பார் கிளாம்பின் போல்ட்டில் எர்த் கொடுப்பது வசதியாக இருக்கும். ஆனால் ஹேண்டிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருப்பது கிரீஸ் தடவிய பேரிங், போல்ட்டுக்கு அடியில் இருப்பது பெயிண்ட். சோதிக்க, போன் ஏறும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதைப் போர்ட்டின் கறுப்பு ஒயரிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அல்லது ஹேண்டிலை ஆட்டும்போது எண் துள்ளினால், எர்த்தை மாற்றுங்கள்.

மூன்றாவது இடம், ஒயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப். ஒயரைச் சீவாமலே இணைக்கலாம் என்று விற்பார்களே, அதுதான். வீட்டுக்குள் அசையாத இடத்தில் சரி, பைக்கின் அதிர்வில் அதன் பல் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். சாலிடர் செய்தால் தீர்ந்தது என்பதும் முழு உண்மையில்லை. சாலிடர் ஊறிய பகுதி விறைத்துக்கொள்ளும், அது முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். கிரிம்ப் செய்து (உலோக முனையை ஒயர்மேல் அழுத்தி இறுக்கி), மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் ஒயரை டேக் போட்டுக் கட்டிவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். சாலிடர்தான் வேண்டுமென்றால் அந்த இணைப்பு ஆடாதபடி கட்டுவது கட்டாயம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

போட்டதும் போனால் நேரடி ஷார்ட், அல்லது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. போர்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் ஒயரில் பிழை, போகாவிட்டால் போர்ட்டில். என்றாவது ஒருநாள், குறிப்பாக ஹேண்டில் திருப்பும்போது போனால், ஒயரின் மேல்தோல் எங்கோ சேஸிஸில் உரசித் தேய்ந்திருக்கிறது. டாங்கின் அடி, ஹெட்லைட் கூட்டுக்குள் ஒயர் நுழையும் இடம், சீட் அழுத்தும் இடம் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள்.

ஃபியூஸின் அளவு: ஒரு துளைக்கு 3 ஆம்பியர், வேகச் சார்ஜோடு இரண்டு துளை என்றால் 5 ஆம்பியர். அதைத் தாண்டி 10, 15 என்று போட்டால், கோளாறின்போது ஃபியூஸ் போகுமுன் மெல்லிய ஒயர் சூடேறி உருகலாம். அது ஓடுவது பெட்ரோல் டாங்குக்கு அடியில்.

நான்கு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியை எடுத்த பிறகும் எல்இடி எரிந்தால் போர்ட் நேராகப் பேட்டரியில் இருக்கிறது. போன் மாட்டாவிட்டாலும் அது கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும், வோல்ட் காட்டும் எண் திரை இருந்தால் இன்னும் கூடுதல். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 0.24 ஆம்பியர் அவர். 5 ஆம்பியர் அவர் பேட்டரி முழுதாகக் காலியாக 20 நாள் ஆகும், ஆனால் செல்ஃப் அடிக்க முடியாத நிலைக்கு அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

ஆக, நான்கே நாளில் படுத்துவிட்டால் பழியைப் போர்ட் மேல் மட்டும் போட முடியாது. அளந்து பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அதற்கும் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எண்ணைப் பார்த்துக்கொண்டு போர்ட்டின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் போர்ட்டின் பங்கு. ஒன்றும் குறையவில்லை என்றால் வேறு எங்கோ கசிகிறது, அல்லது பேட்டரிக்கே வயதாகிவிட்டது. நன்றாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு ஓய்வில் விட்ட பேட்டரி 12.6க்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

திரை தானாகவே தொடுகிறது, இயர்போனில் இரைச்சல்

மலிவு போர்ட்டின் உள் சர்க்யூட் சுத்தமில்லாத கரண்ட்டைத் தந்தால், திரை அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும். மேப் தானாகப் பெரிதாகும், நகரும். கேபிளைப் பிடுங்கியதும் நின்றால் காரணம் அதுவே. வேறு கேபிள், அதில் ஃபெரைட் வளையம், போர்ட் ஒயரை ஸ்பார்க் பிளக் ஒயரிலிருந்து விலக்கி ஓட்டுவது எனப் பார்க்கலாம். அடங்காவிட்டால் போர்ட்டை மாற்றுங்கள். மழைத்துளி விழும்போது மட்டும் நடந்தால் அது தண்ணீரின் வேலை, விட்டுவிடுங்கள்.

மழைக்குப் பிறகு

போன் 'ஈரம்' என்று எச்சரித்தால் வற்புறுத்தாமல் காயவிடுங்கள். போர்ட்டின் உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது. பழைய வகைத் துளையில் சாவி போட்டிருக்கும்வரை 5 வோல்ட் எப்போதும் இருக்கும், ஈரத்தில் அது பின்னை அரிக்கும். ஒழுங்காகச் செய்த டைப்-சியில் போன் மாட்டும்வரை கரண்ட் வராது, அரிப்பு குறைவு. புதிதாக வாங்கினால் இதுவும் ஒரு காரணம். மூடி இருந்தாலும் போர்ட்டின் வாயை வானத்தைப் பார்க்க வைக்காதீர்கள், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். பின்பக்கம் வரும் ஒயரும் சற்றுக் கீழே தொங்கி மேலே ஏறும்படி இருந்தால் அதன்வழி வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும்.

போர்ட்டுகள் அடுத்தடுத்து எரிந்து போகின்றன

ஒன்று எரிந்தால் போர்ட் மோசம். அடுத்ததும் எரிந்தால் பைக்கைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்குங்கள். 13.5இலிருந்து 14.5க்குள் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டிக்கொண்டே போனால் ரெக்டிஃபையர் (காயிலின் ஏசியை டிசியாக்கி வோல்ட்டை அடக்கி வைக்கும் பாகம்) கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அது போர்ட்டை மட்டும் விடாது, பேட்டரியையும் கொதிக்க வைக்கும், பல்புகளையும் காவு வாங்கும். பேட்டரி முனை லூசாக இருந்தாலும், பேட்டரியே உள்ளே செத்திருந்தாலும் இதே கதைதான். காயிலிலிருந்து வரும் துள்ளலை உறிஞ்சிக்கொள்ள ஆளில்லாமல் அது நேராகப் போர்ட்டுக்குப் போகும். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அப்போதும் 15க்கு மேல்தான் என்றால் ரெக்டிஃபையரை மாற்றும்வரை போர்ட்டின் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள், போனை அதில் மாட்டாதீர்கள்.